பெட்டி வாங்கும் முன் அளந்து பாருங்கள்: சிங்கப்பூரிலுள்ள ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் இயங்கும் ஊர்ச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

கோயில் திருப்பணி, பள்ளிக்கூடக் கட்டடம், குடிநீர்த் தொட்டி என்ற வரிசையில் ஊருக்கு இணையம் கொண்டுபோவதும் இப்போது சங்கங்களின் செலவுக் கணக்கில் ஏறிவிட்டது. நல்ல காரியம்தான். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரின் முகத்தை ஈசூனிலிருந்து பார்த்துப் பேசவும், அவர்களுக்கு வங்கியின் ஓடிபி நேரத்தில் வந்து சேரவும், பிள்ளைகள் படிக்கவும் இது வேண்டும். ஆனால் பணம் செலவாகும் விதம் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. சிம் லிம் சதுக்கத்திலோ முஸ்தபாவிலோ ஒரு ரவுட்டர் அல்லது பூஸ்டர் வாங்கி, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறோம். அங்கே மாட்டிப் பார்க்கிறார்கள், சரிப்படவில்லை, பெட்டி பரணுக்குப் போகிறது. அடுத்த ஆண்டு இன்னொரு பெட்டி.

நாங்கள் இங்கே கைத்தொலைபேசிக் கோபுரம், ஃபைபர், கட்டட வயரிங் வேலைகளில் இருப்பவர்கள். உங்களிடம் கேட்பது இதுதான்: பொருள் வாங்குவதற்கு முன்னால் ஊரில் அளவெடுக்கக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். வாங்கிய பிறகு மின்சாரத்துக்கும் பராமரிப்புக்கும் நிறையவே ஒதுக்குங்கள். நடுவிலிருக்கும் பெட்டிதான் இந்த வேலையில் ஆகச் சுலபமான பகுதி.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு இது புரியாமல் போவதில் வியப்பில்லை. இங்கே ஃபைபர் முனை கூடத்துச் சுவரில் வந்து நிற்கிறது. சிக்னல் எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குள்ளும் கிடைக்கிறது. அறந்தாங்கிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோபுரம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும், நடுவே தென்னந்தோப்பு, வீட்டுக்குக் கான்கிரீட் தளம். அங்கே எது வேலை செய்யும் என்பதை சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு யாராலும் சொல்ல முடியாது.

முதலில் பூஸ்டர், அதாவது கைபேசி சிக்னலை வாங்கிப் பெருக்கி வீட்டுக்குள் விடும் ரிப்பீட்டர். இதை வாங்கவே வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் கைபேசி ரிப்பீட்டரை நிறுவுவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், தொழில்நுட்பக் கணக்கிலும் அது ஊருக்குக் கேடு. மலிவான பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். மாடியிலிருக்கும் ஆன்டெனாவும் வீட்டுக்குள் இருக்கும் ஆன்டெனாவும் போதிய இடைவெளி இல்லாமல் இருந்தால், ஒன்று வெளியிடுவதை மற்றொன்று வாங்கித் திரும்பப் பெருக்கி, கோயில் மைக் ஊளையிடுவதுபோல அது ஊளையிட ஆரம்பிக்கும். அந்த ஊளை கோபுரத்தின் காதில் விழும். கோபுரம் கேட்கும் பக்கத்தில் இரைச்சல் ஏறினால், உங்கள் வீட்டில் மூன்று கோடு தெரியும்போது தெருக்கோடி வீட்டுக்காரருக்குப் பேச்சே போகாது. அதிகாரிகள் தேடி வந்து கழற்றிப் போவது இதனால்தான்.

அடுத்தது அலைவரிசைப் பட்டை. இந்தியாவில் ஜியோ 4ஜிக்கு 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளை வைத்திருக்கிறது. பட்டை எண்களில் இவை பேண்டு 5, 3, 40. ஏர்டெல் 900, 1800, 2100, 2300. பிஎஸ்என்எல்லின் புதிய 4ஜி 700, 2100. கிராமத்தில் தூரம் போவதும் சுவரைத் துளைப்பதும் ஆயிரத்துக்குக் கீழுள்ள பட்டைகள்தான்: 700, 850, 900. இங்கே விற்கும் சில மலிவு ரவுட்டர்களில் பேண்டு 5 இருக்காது, ஏனென்றால் சிங்கப்பூரில் அதற்கு வேலையில்லை. அந்தப் பெட்டியில் ஜியோ சிம் போட்டால் பக்கத்துக் கோபுரத்தின் 1800, 2300 போன்ற உயர்ந்த பட்டைகளை மட்டும் தேடும். தோப்பைத் தாண்டி அவை வராது. பெட்டி கெட்டுவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். எங்கே வாங்கினாலும் பெட்டியின் அடியிலோ கையேட்டிலோ பட்டை எண்களைப் பார்த்து, எந்த நிறுவனத்தின் சிம் போடப் போகிறோமோ அதனோடு பொருத்திப் பாருங்கள். சிங்கப்பூர் நிறுவனங்கள் சந்தாவோடு கொடுக்கும் ரவுட்டர்களைக் கொண்டுபோகவே வேண்டாம். பலவற்றின் மென்பொருள் பூட்டப்பட்டிருக்கும். மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று தட்டை முள் பிளக் அங்கே நுழையாது. மலிவான மாற்றுப் பிளக்கில் தளர்வாகத் தொங்கும் அடாப்டர்தான் பாதி வீடுகளில் 'நெட் விட்டு விட்டு வருது' என்பதற்குக் காரணம்.

ஆகவே ஊரிலேயே வாங்குங்கள். அதற்கு முன் அளவு.

அளவெடுக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு ஆண்ட்ராய்டு கைபேசி, மூன்று நிறுவனங்களின் சிம், ஒரு நோட்டு. அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் தெரியும். நெட்மான்ஸ்டர் போன்ற செயலி போட்டால் பட்டை எண், கோபுரத்தின் செல் எண், ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் எல்லாம் வரும். ஐபோன் என்றால் *3001#12345#* என்று அழைத்தால் அளவுப் பக்கம் திறக்கும். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தன் இஷ்டத்துக்கு வரைகிறது.

ஆர்எஸ்ஆர்பி என்பது வலிமை. மைனஸ் 80க்குப் பக்கத்தில் இருந்தால் அருமை, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110க்குக் கீழே போனால் மழை நாளில் நிற்காது, மைனஸ் 120 என்றால் இல்லை என்றே எழுதுங்கள். எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலோடு ஒப்பிட்ட தெளிவு. 20க்கு மேல் இருந்தால் நன்று, 13க்கு மேல் போதும், பூஜ்யத்துக்குக் கீழே என்றால் வலிமை எவ்வளவு இருந்தும் பயனில்லை. பலரும் வலிமையை மட்டும் பார்த்து இடம் பிடிக்கிறார்கள். இரண்டு கோபுரங்கள் ஒரே பட்டையில் சம வலிமையோடு மோதும் இடத்தில் கோடுகள் நிறைய இருக்கும், வேகம் இருக்காது. அங்கே ஒரு கோபுரத்துக்கு முதுகைக் காட்டும் இடத்தைத் தேட வேண்டும். மாடிப்படி அறையின் மறைவுப் பக்கம் சில சமயம் மொட்டைமாடி நடுவைவிட நல்லது.

வீட்டுக்குள், திண்ணையில், மாடியின் நான்கு மூலையில், முடிந்தால் மூங்கில் கழியில் கைபேசியைக் கட்டி மூன்று மீட்டர் உயரத்தில் என்று ஒவ்வொரு சிம்முக்கும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுத்தால்தான் போன் புதிதாகக் கோபுரம் தேடும். வீட்டுக்குள்ளும் மாடியிலும் 15 முதல் 20 டெசிபெல் (இரண்டு டிபிஎம் எண்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசம்) வந்தால் குற்றவாளி கான்கிரீட். பெட்டியை மேலே வைத்தால் தீரும். மாடியிலும் மைனஸ் 115 என்றால் 4ஜியை மறந்துவிட்டு ஃபைபரைப் பாருங்கள். தகரக் கூரையும், வெப்பத்துக்காக அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய கூரையும் கான்கிரீட்டைவிட மோசம்.

இதே அளவைக் காலை ஆறு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, வேகச் சோதனையோடு சேர்த்து எடுக்க வேண்டும். ஆர்எஸ்ஆர்பி இரண்டு நேரமும் ஒன்றாகவே இருந்து, காலையில் 30 எம்பிபிஎஸ் வந்து இரவில் 1 வந்தால், கோபுரத்தில் நெரிசல். அதற்கு எந்த ஆன்டெனாவும் மருந்தில்லை. நிறுவனத்தை மாற்றுவதுதான் வழி. 1900 என்ற எண்ணுக்குப் போர்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டுக் கைபேசி எண்ணையும் சேர்த்துக் குறுஞ்செய்தி அனுப்பினால் மாற்றக் குறியீடு வரும். கோபுரம் எங்கே, எந்தத் தலைமுறை என்பதை இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் வரைபடத்தோடு பார்க்கலாம். 2024ஆம் ஆண்டு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் பரப்பு வரைபடத்தைத் தம் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும். வரைபடம் ஒரு தொடக்கம்தான். உங்கள் மாடியில் எடுத்த எண்தான் கணக்கு.

இப்போது ஆன்டெனா. இங்கேதான் பணம் ஆக அதிகம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். கடையில் 9 டெசிபெல் பெருக்கும் திசை ஆன்டெனா என்று வாங்கி மாடியில் கட்டி, அதோடு வந்த மெல்லிய கறுப்புக் கேபிளைக் கீழே கூடத்துக்கு இழுத்து ரவுட்டரில் செருகுவார்கள். அந்தக் கேபிள் பெரும்பாலும் ஆர்ஜி-58 அல்லது அதைவிட மெலிந்தது. 2300 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல்லைத் தின்றுவிடும். பத்து மீட்டர் இழுத்தால் ஆன்டெனா சம்பாதித்ததெல்லாம் கேபிளிலேயே போயிற்று. தடித்த எல்எம்ஆர்-400 என்றால் அதே பட்டையில் மீட்டருக்குக் கால் டெசிபெல்லுக்கும் குறைவு, ஆனால் விலை அதிகம், வளைக்கவும் கடினம். போதாக்குறைக்கு 4ஜிக்கு இரண்டு கேபிள் வேண்டும், ஒன்றை மட்டும் மாட்டினால் இரட்டை ஓட்டத்தில் ஒன்று அறுந்து வேகம் சரியும்.

தீர்வு எளிது. சிக்னலைக் கீழே கொண்டுவராதீர்கள், பெட்டியை மேலே ஏற்றுங்கள். வெளிப்புறத்தில் வைப்பதற்கென்றே செய்த 4ஜி பெட்டிகள் இருக்கின்றன. மழை, தூசிக்கு எதிராக ஐபி65 அல்லது அதற்கு மேற்பட்ட காப்பு என்று போட்டிருக்கும். ஆன்டெனா உள்ளேயே இருக்கும். அதிலிருந்து ஒரே ஒரு ஈத்தர்நெட் கேபிள் கீழே வரும், மின்சாரமும் அதே கேபிளில் மேலே ஏறும். 100 மீட்டர் வரை போகலாம், வேகம் குறையாது. வீட்டுக்குள் அந்த முனையில் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டர் போதும்.

அந்த ஈத்தர்நெட் கேபிளில் ஒரு மோசடி உண்டு. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி கேட்-6 என்று விற்கிறார்கள். ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அதன் மின்தடை அதிகம். முப்பது மீட்டர் தாண்டி மேலே இருக்கும் பெட்டிக்கு மின்னழுத்தம் போதாமல் அது இரவில் தானாக அணைந்து அணைந்து எரியும். மேலுறை கறுப்புப் பாலிஎத்திலினாக இருக்கட்டும். சாம்பல் நிற வீட்டு உபயோகக் கேபிள் நம் ஊர் வெயிலில் வெடித்து, விரிசல் வழியாக மழைநீர் உள்ளே இறங்கி, நேரே பெட்டிக்குள் போய்ச் சேரும். சுவரில் துளை போடும் இடத்துக்குச் சற்று முன்னால் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்து நுழைத்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கம்பத்துக்கு ஒன்றரை அங்குல ஜிஐ குழாய் போதும், காற்றுக்கு மூன்று பக்கம் இழுவைக் கம்பி. மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டாதீர்கள். தண்ணீர் இந்த அலைகளை விழுங்கும். தென்னை ஓலையும் அப்படித்தான். கோடையில் எடுத்த அளவை நம்பிக் கட்டிவிட்டு, ஐப்பசியில் தோப்பு நனைந்ததும் சிக்னல் விழுந்தது என்பார்கள். அளவில் 5 முதல் 10 டெசிபெல் மிச்சம் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கம்பம் உயர்ந்தால் இடியும் தேடி வரும். குழாயின் அடியைத் தடித்த கம்பியால் தனி மண்ணிணைப்புக் குழியில் இறக்குங்கள், ஈத்தர்நெட் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் ஒன்று. இது பெட்டியைக் காப்பாற்றும் என்று உத்தரவாதம் இல்லை. இடி தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

ஃபைபர் கிடைக்கும் ஊரில் இவ்வளவும் இரண்டாம் பட்சம். ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் இந்திய அரசின் பாரத்நெட் திட்டம் 2011இல் தேசிய ஒளியிழை வலைப்பின்னலாக ஒப்புதல் பெற்றுத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் இரண்டாம் கட்டத்தை 2018இல் அமைந்த டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது; 12,525 ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்குள் இழை வந்துவிட்டது என்பதால் மேலத்தெரு வீட்டுக்கு வந்துவிடாது. அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரை உள்ளூர் கேபிள்காரர்தான் பெரும்பாலும் இழுக்கிறார். பிஎஸ்என்எல் ஃபைபரும் பல ஊர்களில் அப்படியே வருகிறது. யாரெல்லாம் உங்கள் பகுதியில் கம்பிவழி இணையம் தருகிறார்கள் என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கேபிள்காரர் கிடைத்தால் கையோடு பிடித்துக்கொள்ளுங்கள், அவரைவிட முக்கியமான பாகம் இந்த ஏற்பாட்டில் வேறில்லை.

இணைப்புக் கொடுக்கும் நாளில் அவரிடம் ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள்: வீட்டு முனையில் ஒளி அளவு எத்தனை டிபிஎம்? அவர் கையில் பவர் மீட்டர் இருக்கும், இல்லாவிட்டாலும் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் தெரியும். கணக்கு இப்படிப் போகும். அவர் அலுவலகத்திலிருந்து ஏறக்குறைய பிளஸ் 3இல் ஒளி கிளம்புகிறது. எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொன்றும் பத்தரை டெசிபெல் தின்னும்; அப்படி இரண்டு என்றால் 21. ஐந்து கிலோமீட்டர் இழைக்கு ஒன்றரை, இணைப்பு முனைகளுக்கு ஒன்று சொச்சம். வீட்டுக்கு வரும்போது மைனஸ் 21க்குப் பக்கத்தில் நிற்கும். வழக்கமான பெட்டி மைனஸ் 27 வரை தாங்கும். ஆக ஆறு டெசிபெல் கையிருப்பு. பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதற்காக உங்கள் கம்பத்தில் இன்னொரு இரண்டு வழி ஸ்பிளிட்டரைப் போட்டால் மூன்றரைக்கு மேல் போய்விடும். மிச்சத்தை ஒரு மோசமான ஒட்டு சாப்பிடும். அப்புறம் காற்றில் இழை ஆடினாலே ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரியும். மைனஸ் 25க்குக் கீழான இணைப்பை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லி வையுங்கள், அந்த எண்ணைத் தேதியோடு பெட்டியின் மேல் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழுது வந்தால், எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை வைத்தே எங்கே கோளாறு என்று ஊகிக்கலாம்.

முனைகளில் பச்சை, நீலம் என்று இரண்டு வகை உண்டு. பச்சையின் முகம் எட்டு டிகிரி சாய்த்துத் தேய்த்தது, நீலத்தின் முகம் நேரானது. பச்சையை நீலத்தில் செருகினால் உள்ளே போகும், விளக்கும் எரியலாம், ஆனால் நடுவில் காற்றிடைவெளி விழுந்து ஒளி பாழாகும், முகமும் கீறும். இழையைச் சன்னல் இடுக்கில் மடித்து நசுக்கினாலும் இதே கதி. கட்டைவிரல் பருமனுக்குக் குறுகி வளையக் கூடாது. எலி கடிக்கும் இடங்களில் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். தெருவில் தொங்கும் இழையோடு ஒரு இரும்புத் தாங்குகம்பி வரும். அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளிச்சுவரிலேயே நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மின்னலுக்கு நீங்களே வழி வைத்ததாகும்.

ஒளி அளவு நன்றாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு மட்டும் படம் நின்று நின்று ஓடுகிறதா? உங்கள் வீட்டில் குறையில்லை. கேபிள்காரர் மேலிடத்திலிருந்து வாங்கும் இணையக் கொள்ளளவு போதவில்லை. அதைச் சங்கம் பேசிச் சரிசெய்யலாம், தனி வீட்டால் முடியாது. புகார் எண் வாங்காமல் வாயால் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. எண் வாங்கிய பின் தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம், 30 நாளுக்குள் போய்விட வேண்டும்.

மின்சாரம். எங்கள் அனுபவத்தில் 'நெட் போச்சு' என்ற புகார்களில் பெரும்பகுதி கரண்ட் போனதுதான். ஃபைபர் பெட்டி 12 வோல்ட்டில் சுமார் 10 வாட் இழுக்கும். அதற்கென்று சின்ன டிசி யுபிஎஸ் கிடைக்கிறது. 8800 எம்ஏஎச் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 32 வாட்-மணி, இழப்பு போக 27. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும், எட்டு மணி நேரம் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யுபிஎஸ்ஸின் வெளியீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்; 9 வோல்ட் பெட்டியில் 12ஐச் செருகி எரித்த வீடுகள் நிறைய.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் யுபிஎஸ்ஸே வேண்டாம், ஆனால் ஒன்றைச் சோதியுங்கள். எலக்ட்ரீஷியன் மின்விசிறி, விளக்குகளை மட்டும் இன்வெர்ட்டர் வரிசையில் போட்டுவிட்டு, டிவி பக்கத்து பிளக்கை மெயினிலேயே விட்டிருப்பார். ரவுட்டர் அந்தப் பிளக்கில்தான் இருக்கும். மெயினை அணைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேபிள்காரரிடமும் கேளுங்கள்: உங்கள் அலுவலகப் பெட்டிக்கு எத்தனை மணி நேர பேட்டரி? வழியில் கம்பத்தில் மின்சாரம் தேவைப்படும் சுவிட்ச் எதுவும் இருக்கிறதா? இருந்தால், நடுவிலுள்ள அந்தத் தெருவில் கரண்ட் போகும்போதெல்லாம் உங்களுக்கும் போகும்.

இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்று நினைக்கும் சங்கங்கள், ஃபைபருக்குத் துணையாக 4ஜி சிம் போட்ட ரவுட்டரை வைக்கின்றன. சரி. ஆனால் அந்த 4ஜி கோபுரத்துக்கும் அதே சாலையோரப் பள்ளத்திலிருந்துதான் இழை போகிறது என்றால், ஒரே ஜேசிபி இரண்டையும் அறுக்கும். கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். மேளம்போல வட்டமான தட்டு ஆன்டெனா தொங்கினால் அது வானலை வழியாகவும் வெளியுலகோடு பேசுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். துணை சிம்முக்கு அந்தக் கோபுரத்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டுக்குள் ஃபைபர் இருந்தும் சாதாரண அழைப்பு வராத வீடுகளுக்குச் செலவில்லாத மருந்து ஒன்று இருக்கிறது: வைஃபை அழைப்பு. ஜியோவும் ஏர்டெல்லும் தருகின்றன. போனின் அமைப்பில் அதை இயக்கிவிட்டால் சாதாரண எண்ணுக்கு வரும் அழைப்பு வைஃபை வழியாக வரும். ஆனால் இங்கிருந்து வாங்கிக் கொடுத்த சில ஆண்ட்ராய்டு போன்களில் இந்திய நிறுவனங்களுக்கான வோல்டி (4ஜி வழியாகப் பேசும் முறை), வைஃபை அழைப்பு அமைப்பு இருக்காது. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, வோல்டி இல்லையென்றால் அந்தப் போனில் பேசவே முடியாது. அம்மாவுக்கு போன் வாங்கினால் ஊரில் வாங்குங்கள் என்பது எங்கள் கட்சி.

கேமரா வைக்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் இடைவிடாமல் இணையத்துக்கு அனுப்பினால் மணிக்கு 0.9 ஜிபி, நாளைக்கு 21.6 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் சிம் இரண்டரை மணி நேரத்துக்குள் காலி, பிறகு அப்பாவின் வீடியோ அழைப்பு நகராது. பதிவை வீட்டிலேயே உள்ள பெட்டியில் வைத்து, அசைவு தெரியும்போது மட்டும் சிறு படத்தை அனுப்பும்படி அமையுங்கள்.

ஊரில் ஒரு வீட்டுக்கு வந்த இணைப்பைக் கம்பியில்லாமல் அடுத்த குடியிருப்புக்குத் தள்ள 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இணைகளைச் சில சங்கங்கள் கேட்கின்றன. இந்தப் பட்டைக்கு இந்தியாவில் 2018 முதல் உரிமம் தேவையில்லை. தூரம் 2 கிலோமீட்டர் என்றால், பார்வைக் கோட்டைச் சுற்றி நடுவழியில் குறைந்தது 3 மீட்டர் ஆரத்துக்கு மரம் மட்டை எதுவும் இருக்கக் கூடாது. தோப்புள்ள ஊரில் மாடி உயரத்தில் இது கைகூடாது. ஏரி, வயல்வெளி குறுக்கே இருந்தால் அருமையாக வேலை செய்யும். அந்த இணைப்பைக் காசுக்கு விற்பதென்றால் பிஎம்-வாணி திட்டத்தில் சேருங்கள். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற இந்தத் திட்டத்தில் பெட்டிக்கடைக்காரர்கூட உரிமமில்லாமல் பொது வைஃபை நடத்தலாம். நூலகத்துக்கோ ரேஷன் கடைக்கோ சங்கம் இதைச் செய்து கொடுத்தால் வீடு வீடாகப் பெட்டி கொடுப்பதைவிடப் பலருக்குப் போய்ச் சேரும்.

இரண்டு எச்சரிக்கைகள். 'உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், மாதம் இவ்வளவு வாடகை, முன்பணம் கட்டுங்கள்' என்று டிராய் பெயரைச் சொல்லி வரும் கடிதம் மோசடி. டிராய் அப்படி எந்தத் தடையில்லாச் சான்றும் தருவதில்லை, நில உரிமையாளர் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அடுத்தது, துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் போனை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோகாதீர்கள். விமான நிலையத்திலேயே கைது வரை போகும். வெளிநாட்டுக் கணக்கில் வாங்கிய செயற்கைக்கோள் இணையத் தட்டையும் பயணப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கும்படி கேட்கிறோம். ஊரில் மின்வேலை தெரிந்த இளைஞர் ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்தி, இணைப்பு வேண்டும் என்று கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் மேலே சொன்ன அளவுகளை எடுக்கச் செய்யுங்கள். ஒதுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கு இதற்கு, ஐந்து பங்கு இணைப்புக்கும் பொருளுக்கும், மிச்ச நான்கு பங்கு இரண்டு ஆண்டு பேட்டரிக்கும் பழுதுக்கும் என்பது எங்கள் யோசனை. பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டில் சாகும், அதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. அதே இளைஞருக்கு ஒரு பவர் மீட்டரும், கேபிளுக்கு முனை மாட்ட ஒரு கிரிம்பிங் கருவியும், இரண்டு உபரி அடாப்டரும் வாங்கிக் கொடுங்கள்.

ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் ஒரு தமிழ் ஒட்டுத்தாள் இருக்கட்டும்: இணைப்பு எண், லைன்மேன் எண், ஒளி அளவு, தேதி. கீழே பெரிய எழுத்தில், 'சிவப்பு விளக்கு எரிந்தால் லைன்மேனைக் கூப்பிடவும், குண்டூசியால் பின்பக்கத் துளையைக் குத்த வேண்டாம்'. அந்தத் துளையைக் குத்தினால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து, ஒரு மணி நேரத்தில் தீர வேண்டிய பழுது ஒரு வாரமாகும்.

அளவுத் தாள்கள் வந்ததும் எங்களைப் போன்றவர்களிடம் காட்டுங்கள். எந்த வீட்டுக்கு எது என்று பார்த்துச் சொல்லக் கட்டணம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மதியமாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் தொலைத்தொடர்புக் களப்பணியிலுள்ள தமிழர் சிலர்